சாய்ந்துபோன டீ பேடை உடைப்பதா, பூசுவதா?

கேள்வி: டல்லாஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். படித்தது சிவில், பத்து வருடமாகப் பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. அலுவலக நண்பர்களோடு மூன்று வருடமாக டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறேன். எங்கள் பூங்காவில் ஏழாவது ஹோலின் டீ பேட் (முதல் எறியை எறிகிற கான்கிரீட் தளம்) முன்பக்கமாகச் சரிந்து, நடுவில் விரிசல் விட்டு, முன் ஓரத்தில் குழியும் விழுந்து கிடக்கிறது. போன மாதம் அங்கே எறியும்போது வலது முட்டி திருகிக்கொண்டது. இன்னும் படி இறங்கும்போது வலி இருக்கிறது. நான் சிவில் படித்தவன் என்று தெரிந்ததும், கிளப்பில் அந்தத் தளத்தைச் சரிசெய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பழைய தளத்தின் மேலேயே பூசி மட்டம் கட்டினால் போதுமா? உடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா? அடியில் ஜல்லியை நிறையக் கொட்டினால் அசையாது என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அது சரியா? அதுவரை அந்த ஹோலில் எப்படி ஆடுவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தளத்தை நிதானமாகச் சரிசெய்யலாம், முட்டி அப்படியில்லை. ஒரு மாதமாகப் படி இறங்கும்போது வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிடுங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவுவதுபோல் இருந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். எனக்குத் தெரிந்தது மண்ணும் கான்கிரீட்டும்தான், வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தளத்தில் உங்கள் காலுக்கு என்ன நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக நாலு வரி. டிஸ்க் கோல்ஃபில் பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. டிஸ்க் என்கிற பிளாஸ்டிக் தட்டை எறிந்துகொண்டே போய், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். ஒரு கூடைவரையிலான ஆட்டம் ஒரு ஹோல். குறைந்த எறிகளில் முடிப்பவருக்கு வெற்றி. 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் அமைத்ததைத்தான் முதல் நிரந்தர மைதானம் என்பார்கள். அந்தச் சங்கிலிக் கூடையும் அவர் கொண்டுவந்ததுதான். ஒவ்வொரு ஹோலிலும் முதல் எறியை எறிவதற்கான சின்னத் தளம் டீ பேட். பெரும்பாலும் 5, 6 அடி அகலமும் 10, 12 அடி நீளமும் உள்ள கான்கிரீட்.

வலது கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசி எறியும்போது, பின்னாலிருந்து குறுக்கே அடியெடுத்து ஓடிவந்து, கடைசியில் வலது காலை ஊன்றுவார். உடம்பின் பாரம் முழுக்க அந்த ஒரு காலுக்கு வரும். அடுத்த நொடி இடுப்பு திரும்பும், அதோடு பாதமும் குதிகாலில் சுழன்று திரும்ப வேண்டும். தளம் முன்பக்கம் சரிந்திருந்தால் கால் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்த இடத்தில் போய் விழும். விரிசலின் விளிம்பிலோ ஓரத்துக் குழியிலோ பாதம் மாட்டிக்கொண்டால், பாதம் நிற்கும், இடுப்பு சுற்றும், நடுவில் இருக்கும் முட்டி அந்தத் திருகலை வாங்கிக்கொள்ளும். எறிபவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் இதற்கு விலக்கு இல்லை. வேகமாக ஓடிவருபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே அந்த ஹோலில் ஓடாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே எறியுங்கள். தூரம் கொஞ்சம் குறையும், குறையட்டும். தளத்தின் முன் விளிம்பில்தான் கால் ஊன்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், விதி அப்படிச் சொல்லவில்லை. தட்டு கையை விட்டுப் போகும் அந்தக் கணத்தில், தரையில் ஊன்றியிருப்பவை எல்லாம் தளத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் விரிசலுக்குப் பின்னால் சமமாக இருக்கும் பாதியில் நின்றுகொண்டு தாராளமாக எறியலாம். போட்டி என்றால் நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தளத்தை விட்டுவிட்டுப் பக்கத்துச் சமதரையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால், கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் வரை எறிகிற இடமாகக் கொள்ள விதியே இடம் தருகிறது. கேட்கத் தயங்க வேண்டாம், உங்களுக்குப் பின்னால் வருகிற ஐம்பது பேருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள்.

சரி, தளத்துக்கு வருவோம்.

இப்போது சொன்ன விதியிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. எறிவதற்கு முன்னும் எறிந்த பின்னும் கால் தளத்துக்கு வெளியே இருக்கலாம். ஓட்டம் தளத்துக்குப் பின்னால் இருக்கும் மண்ணில் தொடங்கும். எறிந்த வேகத்தில் கால் தளத்தைத் தாண்டி முன்னால் இருக்கும் மண்ணில் போய் இறங்கும். ஆக கான்கிரீட் 12 அடி என்றால், ஆட்டக்காரர் மிதிப்பது 20 அடிக்கு மேல். நாம் 12 அடியைப் போட்டுவிட்டு மீதியைப் புல்லுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறோம். உங்கள் ஏழாவது ஹோல் கெட்டுப்போனது அந்த மீதி இடத்தில்தான் ஆரம்பித்திருக்கும் என்பது என் கணிப்பு.

நான் எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவன். டல்லாஸுக்கு வந்த முதல் கோடையில், வேலைக்காகப் போன ஓர் இடத்தில் நிலம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்தபோது ஊரில் நிற்பதுபோலவே இருந்தது. டெக்சாஸின் வட எல்லையிலிருந்து டல்லாஸ், வேக்கோ, ஆஸ்டின் வழியாக சான் அன்டோனியோ வரை ஓடும் இந்தக் கறுப்பு நிலத்துக்கு பிளாக்லேண்ட் ப்ரெய்ரி என்று பெயர். நம் கரிசலும் இதுவும் ஒரே குணம். அங்கேயும் பருத்தி, இங்கேயும் பருத்தி. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். கையை நுழைக்கிற அளவுக்கு வெடிப்பு விடும். இங்கே கோடையில் வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், உங்கள் வீட்டிலேயே விட்டுக்கொண்டிருக்கலாம். புல்லுக்காக அல்ல, மண் சுருங்கி வீடு ஒரு பக்கம் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. பெரிய வீட்டையே அசைக்கிற மண், 4 அங்குலத் தளத்தை என்ன பாடுபடுத்தும்!

நடந்தது இதுதான். தளத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான கால்கள் இறங்கி இறங்கிப் புல் போய், மண் தேய்ந்து, கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. மழை பெய்தால் தண்ணீர் அதில் நின்று, முன் ஓரத்துக்கு அடியில் போய் மண்ணை ஊதவைத்துக் குழைத்தது. அப்புறம் ஆகஸ்ட் வெயிலில், புல் மூடாத அந்த இடம்தான் முதலில் காய்ந்து சுருங்கியது. ஊதுவதும் சுருங்குவதுமாக நாலைந்து வருடம் போனால் ஓரத்தின் அடிமண் கரைந்து வெளியேறிவிடும். தளம் அந்தரத்தில் நிற்கும். மேலே ஓடிவந்து காலை ஊன்றினால் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சின்னச் சுத்தியலால் தளத்தைப் பின்னாலிருந்து முன்னால்வரை ஒவ்வோர் அடிக்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். மண் தாங்குகிற இடத்தில் கெட்டியான, அடங்கிய சத்தம் வரும். அடியில் காலியாக இருந்தால் பானையைத் தட்டுவதுபோல் சத்தம் மாறும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அப்புறம் முன் ஓரத்தில் குனிந்து, ஒரு நீளக் கம்பியை அடியில் விட்டுப் பாருங்கள். (கையை விடாதீர்கள், கோடையில் பாம்பும் சிலந்தியும் அந்த நிழலைத்தான் தேடும்.) எங்கள் பக்கத்து மைதானம் ஒன்றில் இப்படி விட்ட கம்பி இரண்டடி உள்ளே போனது. மேலே இருந்து பார்த்தால் தளத்தில் மயிரிழை விரிசல் ஒன்றுதான் தெரிந்தது.

ரசமட்டம் கையில் இல்லையென்றால் தட்டே போதும். டிஸ்கைக் கவிழ்க்காமல் மல்லாக்க வைத்து, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒதுங்குகிற பக்கம்தான் பள்ளம். தளத்தின் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தால், முழுத் தளமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா, விரிசலில் மடிந்து இரண்டு துண்டும் இரண்டு பக்கம் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். விரிசலின் இரு பக்கமும் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்றும் அளந்து எழுதிவையுங்கள். நடைபாதைகளுக்கான அமெரிக்க அணுகல்தன்மை விதி, கால் அங்குலத்துக்கு மேல் படி விழுந்தாலே விளிம்பைச் சாய்வாக்கிவிடச் சொல்கிறது. அது நடப்பவருக்கான கணக்கு. ஓடிவந்து ஒற்றைக் காலில் சுழல்பவருக்குக் கால் அங்குலமே அதிகம் என்பேன்.

இனி, பூசலாமா என்ற கேள்வி. வேண்டாம், தம்பி. அடியில் மண் இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போது மேலே ஒன்றரை அங்குலம் பூசினால், ஒரு வருடத்துக்குள் அதே விரிசல் அதே இடத்தில் மேலே வந்துவிடும். சரிவைச் சமன்செய்யப் பூசும்போது ஒரு பக்கம் மெலிந்து காகிதம்போல் முடியும், அந்த மெல்லிய விளிம்பு பெயர்ந்து வந்து காலை வழுக்கும். தளமும் உயர்ந்துவிடுவதால் ஓரத்தில் இருக்கும் இறக்கம் இன்னும் ஆழமாகும். முட்டியைக் கெடுத்த அந்த இடத்தை இன்னும் மோசமாக்க நாமே பணம் கொடுப்பதுபோல் ஆகிவிடும். துளை போட்டு நுரையை ஏற்றித் தளத்தைத் தூக்கும் முறையும் உண்டு. வெடிக்காத முழுத் தளமாக இருந்தால் யோசிக்கலாம், உங்களுடையது இரண்டாகப் பிளந்துவிட்டது. உடைத்துவிடுங்கள்.

உடைப்பதற்கு முன் இரண்டு வேலை. பூங்கா நகராட்சியுடையது என்றால் பூங்காத் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தோண்டுவதற்குக் குறைந்தது 2 வேலை நாள் முன்னதாக நிலத்தடிக் குழாய்களைக் காட்டித் தரும் சேவையின் எண்ணான 811-க்கு அழைத்துச் சொல்லுங்கள். வந்து எரிவாயு, மின்சாரக் குழாய்கள் போகிற இடத்தில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள், கட்டணம் இல்லை. பூங்காவின் சொந்தத் தெளிப்பான் குழாய்களை மட்டும் அவர்கள் காட்ட மாட்டார்கள், அதைப் பூங்கா ஊழியர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பக்கத்தில் மரம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மரத்தின் உயரம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்கு அதன் வேர்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அப்படி ஒரு மரம் நெருக்கத்தில் நின்றால், தயவுசெய்து மரத்தை வெட்டாதீர்கள், வேரையும் அறுக்காதீர்கள். தளத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். தள்ள இடமில்லை என்றால் கான்கிரீட்டையே விட்டுவிட்டு, மரச்சட்டம் கட்டி, சுண்ணாம்புக்கல் தூளோடு கலந்த ஜல்லியை இறுகத் தட்டி, மேலே செயற்கைப் புல் விரித்து இழுத்து அடிக்கலாம். மண் அசைந்தால் புல்லைப் பிரித்து ஒரு காலைப் பொழுதில் மட்டம் பார்த்துவிடலாம். ரப்பர் பாய் எனக்குப் பிடிக்காது. மூலை மடங்கிக்கொள்ளும், மழையில் வழுக்கும்.

ஜல்லி பற்றிய உங்கள் கேள்விதான் இதில் முக்கியமானது. அந்த வீடியோக்களில் பல மிச்சிகன், மினசோட்டா மாதிரிக் குளிர்ப் பிரதேசங்களில் எடுத்தவை. அங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து தளத்தை மேலே தூக்கும். தண்ணீர் தங்காமல் வடிந்துபோக, இடைவெளியுள்ள சுத்தமான ஜல்லி அடியில் இருப்பது அங்கே சரியான வைத்தியம். அவர்கள் சொல்வது தவறில்லை, அவர்கள் மண்ணுக்கு அது பொருந்தும். கரிசலில் அதையே செய்தால் என்ன ஆகும்? களிமண்ணில் ஒரு தொட்டி வெட்டி, அதற்குள் ஜல்லியைக் கொட்டியதுபோல் ஆகும். மழைத் தண்ணீர் சுற்றிலுமிருந்து ஜல்லிக்குள் இறங்கும், வெளியே போக வழி இருக்காது. தளத்துக்கு நேர் அடியில் மண் வாரக்கணக்கில் ஊறும். நான் இங்கே ஒரு கிளப்புக்காக முதலில் போட்ட தளத்தில் இதே தவறைச் செய்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் பின்பக்கம் ஓர் அங்குலம் மேலெழும்பி நின்றது. அதைத் திரும்ப உடைத்தபோது அடியில் ஜல்லிக்கு நடுவே தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. வெளியே ஒரு வாரமாக நல்ல வெயில்.

அதனால் இங்கே வேண்டியது தூளும் பொடியுமாக எல்லா அளவும் கலந்த சுண்ணாம்புக்கல் ஜல்லி. ஃபிளெக்ஸ் பேஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். இறுக்கினால் பாறை மாதிரி படியும், தண்ணீர் உள்ளே இறங்குவது மிகக் குறையும். 9, 10 அங்குலம் தோண்டுங்கள். தோண்டிய குழியின் அடிமண் காய்ந்து வெடித்திருந்தால் அப்படியே மூடாதீர்கள். இரண்டு மூன்று நாள் மெதுவாகத் தண்ணீர் தெளித்து, வெடிப்பு மூடிக்கொள்ளும்வரை ஈரப்படுத்துங்கள். சேறாக வேண்டாம், கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரம் போதும். காய்ந்த கரிசல்மேல் தளம் போட்டால், பின்னால் ஈரம் படும்போது அது ஊதித் தூக்கியே தீரும். முன்கூட்டியே ஊதவைத்துவிட்டால் மிச்சம் ஊதுவதற்குக் கொஞ்சம்தான் இருக்கும். அதன்மேல் ஜல்லியை 3 அங்குலம், 3 அங்குலமாக இரண்டு அடுக்கு போட்டு, லேசாக நனைத்து, வாடகைக்குக் கிடைக்கும் தட்டு இயந்திரத்தால் இறுக்குங்கள். ஊரில் திமிசுக் கட்டையால் இடிப்பார்களே, அதே வேலைதான். ஒரே மூச்சில் 6 அங்குலம் கொட்டித் தட்டினால் அடிப்பாதி இறுகாது.

கணக்கு: 12 அடி நீளம், 6 அடி அகலம், 4 அங்குலக் கனம் என்றால் 24 கன அடி கான்கிரீட். 80 பவுண்டு மூட்டை ஒன்றில் 0.6 கன அடி தேறும், ஆக 40 மூட்டை. நான்கு ஓரத்தையும் அரை அடி அகலத்துக்கு இன்னும் 4 அங்குலம் கீழே இறக்கிக் கனமாகப் போடச் சொல்வேன், அதற்குப் பத்து மூட்டை கூடும். ஓரம் கனமாக இருந்தால் சட்டென்று உடையாது, அடிமண்ணும் எளிதில் நழுவாது. 10 மி.மீ. கம்பியை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டை) வைத்துத் தூக்கி, கனத்தின் நடுவில் நிறுத்துங்கள். கம்பியைத் தரையில் போட்டுவிட்டு ஊற்றும்போது இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது அடியிலேயே கிடந்துவிடும்.

தண்ணீர் வடிவதற்கான வாட்டம், அதாவது லேசான சரிவு, அகலவாக்கில் இருக்கட்டும். அடிக்கு கால் அங்குலத்தில் பாதி, அதாவது 6 அடி அகலத்துக்கு முக்கால் அங்குலம். தண்ணீர் வடியும், காலுக்குத் தெரியாது. நீளவாக்கில் மட்டமாக இருக்கட்டும், முன்பக்கம் துளிகூடச் சரியக் கூடாது. மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்காதீர்கள். துடைப்பத்தை ஓடுகிற திசைக்குக் குறுக்கே ஒரே ஒரு முறை லேசாக இழுங்கள். சிலர் பிடிப்பு வேண்டுமென்று அரம் மாதிரி ஆழமாகக் கோடு கிழித்துவிடுகிறார்கள். அது பாதத்தைச் சுழலவிடாமல் பிடித்து, மறுபடியும் முட்டிக்கே பாரத்தைக் கொண்டுவரும். நடுவில் குறுக்கே ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு கொடுங்கள், விரிசல் விட்டாலும் அந்தக் கோட்டிலேயே நேராக விடும். ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி நனைத்துவையுங்கள்.

கிளப் ஆட்களுக்குத் தளம் காய்ந்ததும் வேலை முடிந்த மாதிரி தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். முன்னால் 5 அடி, பின்னால் 5 அடி, பக்கவாட்டில் ஓரடி, அதே ஃபிளெக்ஸ் பேஸை மரச்சட்டத்துக்குள் தளத்தின் மேல்மட்டத்துக்குச் சரியாக வரும்படி இறுக்குங்கள். அதற்கு வெளியே மண்ணை வாட்டமாகச் சரித்து, தண்ணீர் தளத்தை விட்டு விலகி ஓடும்படி செய்யுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், தேய்ந்த இடத்தில் இரண்டு வாளி ஜல்லி கொட்டித் தட்டவேண்டும். இதை யார் செய்வார் என்று தளம் போடும் முன்பே கிளப்பில் ஒருவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். புதுக் கூடை வாங்க எல்லாரும் பணம் தருகிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். காலடி மண்ணுக்கு வாளி தூக்க ஆள் கிடைப்பதில்லை. எத்தனையோ நல்ல மைதானங்களில் இதைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது.

ஆகஸ்டில் தொடங்க வேண்டாம். மண் எலும்பாகக் காய்ந்திருக்கும், கான்கிரீட்டும் கையில் நிற்காமல் இறுகிவிடும். அக்டோபர் மழைக்குப் பிறகு, ஒரு வாரம் தொடர்ந்து காய்ந்ததும், காலையிலேயே ஊற்றுங்கள். அன்றைக்கு மூட்டை தூக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம், முட்டி தேறட்டும். நூல் கட்டுவதும் மட்டம் பார்ப்பதும் உங்கள் வேலை. முடிந்ததும் படம் அனுப்புங்கள். தளத்தை மட்டுமல்ல, முன் ஓரத்து மண்ணையும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.